உள்ளே விட்ட துணி

கலியமூர்த்தி வளரத் தொடங்கியது பணி ஓய்வு பெற்ற பிறகுதான். வளர வேண்டிய வயதில் வளராமல் விட்டுவிட்டு, பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த காலமெல்லாம் குரூப் போட்டோவில் முதல் வரிசையில் தரையில் உட்காரவைக்கப்பட்டு, பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டே பயணம் போய், கல்யாணத்தன்று பெண்ணின் கழுத்தில் மாலை போட மணைமேல் ஏறி நின்ற அந்த மனிதர், பெருங்கரை ஊரின் லட்சுமி நகர் விரிவில், மாசி மாதத்துக் காலை ஒன்றில் படுக்கையை விட்டு எழுந்தபோது இரண்டு விரற்கடை கூடுதலாக எழுந்தார். காரணம் அவருடைய மனைவி குஞ்சிதம். அவள் அதை வேண்டுமென்று செய்யவில்லை. அவள் கை செய்துவிட்டது.

பெருங்கரைக்கு வெளியே பேரேரி என்று ஒன்று உண்டு. பெயர்தான் ஏரி, வருஷத்தில் பாதி நாள் மைதானம். பங்குனி பிறந்து தண்ணீர் வற்றியதும் அந்த வெடித்த தரையில் ஒரு கூட்டம் கூடி, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்களைப் போல உடுத்தி, மண்பானையில் சமைத்து, செல்போனைத் தொடாமல் இரண்டு நாள் வாழ்ந்துவிட்டு வீட்டுக்கு வரும். சோழர் கூடல் என்று அதற்குப் பெயர். பல் டாக்டர் அங்கே உப்பு வணிகர். காப்பீட்டு முகவர் ஓலை எழுதுகிறவர். மின்வாரியத்து அம்மாள் கள் விற்பார், பானைக்குள் மோர்தான் இருக்கும். இதையெல்லாம் கட்டி மேய்ப்பவர் மார்க்கபந்து, கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவர். ஊக்கு கூடாது, ஜிப் கூடாது, மெஷின் தையல் கூடாது, பாலியெஸ்டர் அறவே கூடாது என்பது அவர் சட்டம். யார் துணிமேல் சந்தேகம் வந்தாலும் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். சாம்பலாக உதிர்ந்தால் உள்ளே போகலாம், உருகி மணியாகத் திரண்டால் வீட்டுக்குப் போகலாம். போன வருஷம் ஒரு குறுநில மன்னரை இப்படித்தான் ஸ்கூட்டரில் திருப்பி அனுப்பினார்.

யாருக்கு என்ன வேஷம் என்பதைக் குடத்தில் ஓலை போட்டு எடுப்பார்கள். ஓய்வு பெற்ற முதல் வருஷம் என்பதால் கலியமூர்த்தியும் ஆசையாகப் போய்க் குடத்துக்குள் கையை விட்டார். வந்தது வாயிற்காவலன். கோட்டை வாசலில் வேலோடு நிற்க வேண்டியவன். ஓலையைப் படித்ததும் கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, சிரிப்பு தானாக வந்துவிட்டது. பல் டாக்டர் மட்டும், "வேல் நம்ம சாரைவிட உசரமா இருக்குமே, யாரு யாரைப் புடிச்சுக்கிறது?" என்று கேட்டுவைத்தார். கலியமூர்த்தியும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் ரசத்துக்குச் சோறு வாங்காமல் இலையை மடித்துவிட்டு எழுந்ததைக் குஞ்சிதம் பார்த்தாள்.

"சீட்ட மாத்திக்கிட்டா என்னங்க?"

"கொடத்துல எடுத்தது எடுத்ததுதான். நின்னுட்டு வந்துர்றேன். ரெண்டு நாள்தான."

"அப்ப துணிய நா தச்சுத் தர்றேன். துணி எடுப்பா இருந்தா ஆளும் எடுப்பாத் தெரியும்."

சோழர் கூடலுக்குப் போகிற ஆண்களில் பெரும்பாலானவர்களுக்குத் தையல் தேவைப்படாது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, மேலே ஒரு துண்டு போட்டால் ஆயிரம் வருஷம் பின்னால் போய்விடலாம். காவலனுக்கு மட்டும் முழங்கால்வரை இறங்கும் கோட்டு, பஞ்சு வைத்து இரண்டு அடுக்காகத் தைத்தது. அதற்கு மெய்ப்பை என்று ஒரு பழைய சொல்லையும் மார்க்கபந்து எடுத்துக் கொடுத்தார். குஞ்சிதம் கடைசிவரை அதைக் கோட்டு என்றே சொன்னாள்.

கோராத் துணி வாங்கி, தைத்த பிறகு சுருங்கி மானத்தை வாங்கக் கூடாதென்று முன்னாடியே ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, கூடத்தில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினாள். மிதிமெஷினில் எத்தனையோ தைத்தவள்தான், ஆனால் முழுசாக ஓர் உடுப்பைக் கையாலேயே தைப்பது இதுதான் முதல் தடவை. ஊசி விரலில் குத்தக் குத்த, நூல் முறுக்கிக்கொள்ள முறுக்கிக்கொள்ள, மத்தியான வெயில் சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருக்க, அவள் மனசு இந்தக் கோட்டை விட்டுவிட்டு எங்கெங்கோ போனது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற மே மாதக் கடைசிகளுக்குப் போனது. இரண்டு பெண்ணும் ஒரு பையனும் வரிசையாக நின்று அளவு கொடுத்த நாட்களுக்கு, நீலப் பாவாடைக்கும் காக்கி டவுசருக்கும் வெள்ளைச் சட்டைக்கும், வளர்ற பிள்ளைகள், அடுத்த வருஷமும் போட வேண்டும், அதற்கடுத்த வருஷமும் முடிந்தால் போடட்டும் என்று கீழேயும் கையிலும் பக்கத்திலும் துணியை உள்ளே விட்டுத் தைத்த நாட்களுக்கு, ஜூன் தோறும் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்ட நாட்களுக்குப் போனது. பிரித்துவிட்ட இடம் மட்டும் வெயில் படாமல் புதுநீலமாகப் பட்டை போட்டிருக்கும். அந்தப் பட்டைகளை எண்ணினால் பிள்ளைக்கு எத்தனை வருஷம் ஆனது என்று தெரிந்துவிடும். இப்போது மூன்று பேரும் மூன்று ஊரில், தைத்த துணியையே போடாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தைத்ததில், அறுபது வயசு தாண்டிய மனிதருக்குத் தைக்கிறோம் என்பதை அவள் கை மறந்துபோய், கையிலும் தோளிலும் பக்கத்திலும் கீழேயும் தாராளமாகத் துணியை உள்ளே விட்டு மடித்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டது. தைத்து முடித்த பிறகுதான் மேலாகக் காவிச் சாயம் பூசினாள். அதனால் மடிப்புக்குள் இருந்த துணி பால்வெள்ளையாகவே இருந்துவிட்டது.

மாலையில் போட்டுப் பார்த்தபோது அளவெடுத்தாற்போல் இருந்தது. மறுநாள் காலையில் மணிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துணிதான் சுருங்கிவிட்டது என்று குஞ்சிதம் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கலியமூர்த்தி அடுக்களைக்கு வந்து, வழக்கமாக ஸ்டூல் போட்டு ஏறி எடுக்கிற ஊறுகாய் ஜாடியை, பேச்சுவாக்கில் எட்டி எடுத்துக் கீழே வைத்தார். இருவரும் ஜாடியைப் பார்த்தார்கள்.

"வளந்துட்டீங்க," என்றாள் குஞ்சிதம்.

"ஆமா போலருக்கு," என்றார் அவர்.

அவள் ஊசியை எடுத்துக் கைமடிப்பைப் பிரித்துவிட்டாள். வெள்ளைப் பட்டை ஒன்று வெளியே வந்தது. அதற்குக் கீழே அவருடைய கையில் புதிதாக வளர்ந்திருந்த இடத்தை அப்போதுதான் அவள் பார்த்தாள். அந்த இரண்டு விரற்கடைத் தோல் மட்டும் சுருக்கமில்லாமல், கருகருவென்று முடியோடு, இருபத்தாறு வயசுத் தோலாக இருந்தது. பெண்பார்க்க வந்த அன்று காபி டம்ளரை வாங்க நீண்ட கை. சைக்கிள் முன்பாரில் அவளை உட்காரவைத்து ஆற்றுப்பாலத்தின் மேட்டில் மிதித்த கை. அது எங்கும் போகவில்லை, உள்ளே மடிந்து கிடந்திருக்கிறது என்று நினைத்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து, பிரித்துவிடப் பிரித்துவிட அவர் வளர்ந்தார். நாலு விரல் மடித்த ஞாபகம் இருக்கும், பிரித்தால் முழம் வரும். கைக்கு இருந்த தாராளம் அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கலியமூர்த்தி நிலைப்படியைத் தாண்டினார், சன்ஷேடைத் தாண்டினார். சாப்பாடு மட்டும் கூடவில்லை, அதே மூன்று இட்லி. வேட்டிக்குத் தையல் கிடையாது என்பதால் அதுவும் பிரச்சினையில்லை, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். மேலுக்கு வேறெதுவும் சேராததால் இரவும் பகலும் கோட்டைக் கழற்றுவதேயில்லை.

லட்சுமி நகர் விரிவு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வேறு எப்படி எடுத்துக்கொள்ளும், உபயோகப்படுத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜெயமேரி டீச்சர் முதல் நாளே வந்து, "அண்ணே, ஒங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்று ஆரம்பித்து, மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்க்கச் சொன்னார். அதன்பிறகு தெருவில் யாருமே மாடி ஏறித் தொட்டி பார்ப்பதில்லை. எரியாத தெருவிளக்கை அவர் மாற்றினார், கூரையில் விழுந்த பந்தை எடுத்தார், மாரியம்மன் கோயிலுக்குச் சீரியல் விளக்கு கட்டினார், அதே கையோடு தேவாலயத்துக் கொடிமரத்தின் உச்சிக் கப்பிக்கு எண்ணெய் விட்டார். கேபிள்காரன் முணுமுணுத்துக்கொண்டே வயர்களை உயர்த்திக் கட்டினான். முடிவெட்டுகிறவர் ஏணியோடு வந்தார். வீட்டுக்கு வழி கேட்டவர்களிடம், கலியமூர்த்தி தலை தெரிகிற தெருவுக்கு அடுத்த தெரு என்று சொன்னார்கள். டாக்டரிடம் கூட்டிப்போனதில் அவர் வாசலுக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்து, இந்த வயதில் எலும்புக்கு நல்லது என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பணிமனையில் இருந்து பழைய ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்து, மறுபடி ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அவரைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். தலை படத்துக்குள் வருவதற்காக போட்டோக்காரர் பின்னாலேயே நடந்து எதிர்வீட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அன்று கலியமூர்த்திக்கு இருந்த சந்தோஷத்தைக் குஞ்சிதம் அதற்கு முன்னால் அவர் முகத்தில் பார்த்ததேயில்லை.

மூத்த மகள் மணிமொழி கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா எங்க? முட்டிதான் தெரியுது."

"மாடிக்கு ஏறிக் காட்டுறேன், இரு."

"என்னம்மா இவ்ளோ சாதாரணமாச் சொல்ற?"

"நீ மட்டும் ஒரு லீவுல ரெண்டு சாண் வளரல? அப்ப யாரு கேட்டா?"



ஊரில் குட்டையானவர்களுக்கெல்லாம் குஞ்சிதத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்தது. ஜெயமேரி டீச்சரின் அக்காள் மகனுக்குப் பெண் அமையவில்லை என்று கேட்டதற்காக, ஒரு சட்டை தைத்து மடிப்பும் விட்டுக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு நூலளவும் நடக்கவில்லை. "வீட்டு ஆளுக்குத்தான் கை தன்னால விடுது டீச்சர். மத்தவங்களுக்கு நாந்தான் விடுறேன்," என்று சொல்லித் தையலை அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

இதெல்லாம் சரி. ஆனால் வீட்டுக்குள் ரேடியோவைப் போட்டுவிட்டு இருவரும் பேசிக்கொண்டு படுத்திருப்பது நின்றுபோனது. அவர் வாசல் பக்கம் காலை மடக்கிக்கொண்டு படுத்தார். அவள் உள்ளே தனியாகப் படுத்தாள். காதோடு சொல்ல வேண்டியதைத் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது. அப்போதுதான் தற்செயலாக ஓர் இடம் கிடைத்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி அவள் உட்கார்ந்தால், முற்றத்தில் நிற்கிற அவருடைய முகம் அவளுடைய முகத்துக்கு நேராக வந்தது. சாயங்காலம் காபியை மாடிக்கு எடுத்துப் போனாள். அவர் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நிற்பார், அவள் பேசுவாள், அவரும் பேசுவார். முகத்திலும் அங்கங்கே இளமை வந்திருந்தது, நெற்றிக்கும் புருவத்துக்கும் நடுவில் கொஞ்சம், தாடையில் கொஞ்சம். பழைய கதையைப் பேசுகிறபோது பழைய தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

கூடலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கோட்டில் பாக்கியிருந்தது கீழ்மடிப்பு ஒன்றுதான். அதை அவள் இரட்டையாக மடித்திருந்தாள். அதைப் பிரித்தால் அவருடைய முகம் மாடியைத் தாண்டிவிடும், பிறகு தென்னை மட்டைக்குத்தான் நேராக இருக்கும் என்பது அவளுக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

"உள்ள இன்னம் துணி இருக்கா குஞ்சு?" என்று ஒரு சாயங்காலம் கேட்டார். "மார்க்கபந்து சார் வாசலுக்குப் பனமரம் நட்டுருக்காரு. இன்னம் கொஞ்சம் இருந்தா அதுக்குச் சரியா நிக்கலாம்."

"இல்லீங்க," என்றாள் குஞ்சிதம். "தீந்துபோச்சு."

அவர் தலையாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன பொய்கள் எல்லாம் அரிசி, பருப்பு சம்பந்தப்பட்டவை. இது அப்படியில்லை என்று அவளுக்கே தெரிந்தது, அன்று காபி கசந்தது.

பொய் சொன்னால் வளர்த்தி நின்றுவிடுமா என்ன? உள்ளே துணி இருக்கிறவரை உடம்புக்குத் தெரியும். அவர் வளர்ந்துகொண்டேதான் இருந்தார், வளர வழியில்லாமல் கோட்டு அவரைப் பிடித்து இறுக்கியது. குனிந்து நின்றார், தோளைச் சுருக்கிக்கொண்டார், யார் கேட்டாலும் முதுகு பிடித்திருக்கிறது என்றார். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைக்க மாடியிலிருந்து கையை நீட்டியபோது, கழுத்தோரம் துணி விலகி, தோளிலும் அக்குளிலும் வரிவரியாகச் சிவந்து கன்றிப்போயிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். ஒரு வருஷம் மணிமொழி இதே மாதிரிதான் இறுகின சட்டையைப் பற்றி வாயே திறக்காமல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். குளிப்பாட்டும்போது அக்குளைப் பார்த்துவிட்டுக் குஞ்சிதம் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போதும் அழுகை வந்தது.

"கீழ்மடிப்பு இருக்குங்க. இல்லேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ எந்த உடுப்புக்குக் கீழ்மடிப்பு வைக்காம இருந்திருக்க?"

"அப்ப ஏன் கேக்கல? இப்படிக் கன்னிப்போற வரைக்கும்?"

அவர் கைப்பிடிச் சுவரின் காரையைச் சுரண்டினார். "இந்த ஒசரத்துல ஒன் மொகம் நேராத் தெரியுது. அதுக்கு மேல வேணாம்னு நீ நெனச்ச. சரி, வலிச்சா வலிக்கட்டும்னு நானும் இருந்தேன். நீ அந்த மடிப்ப வெட்டிரு குஞ்சு. வெட்டிட்டா வலி நின்னுரும்."

அவள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தாள். வாசலில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்கு மேலே ஏறியிருந்த கோட்டின் ஓரத்தை மடியில் போட்டு, மடிப்பை விரலால் விலக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, சாயமும் வெயிலும் படாமல் துணி இருந்தது. அதை வெட்டுவதென்றால் எதை வெட்டுவது? காபி டம்ளரை வாங்கிய ஆளையா, சைக்கிள் மிதித்த ஆளையா? வளர்கிற உடம்புக்கு விட்ட துணியை அவள் இந்த வயதுவரை வெட்டியதில்லை. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஊசிமுனையால் தையலை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தாள். கடைசித் தையல் விட்டதும் மேலேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தோள்கள் விரிகிற சத்தம் கேட்டது. அவள் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடியில் உட்கார்ந்தபோது கோட்டின் மார்பு நேராக வந்தது, முகம் தென்னை மட்டைகளுக்கு நடுவில் இருந்தது. அவர் என்னவோ சொன்னார், காற்றில் பாதி போய்விட்டது. அவளும் என்னவோ சொன்னாள். காபி டம்ளரை அவர் இரண்டு விரலால் எடுக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் மார்க்கபந்து வந்தார். கலியமூர்த்தியின் கணுக்காலைத் தட்டிக் கொடுத்துப் பாராட்டிவிட்டு, குஞ்சிதத்திடம் குறைப்பட்டுக்கொண்டார். "எல்லாம் பிரமாதம்மா. ஆனா வாசல்னா ரெண்டு பக்கம் ஆள் நிக்கணும். இவருக்கு ஜோடியா நான் யாரைக் கொண்டாந்து நிறுத்த? ஒத்தக் கம்மல் போட்ட மாதிரி இருக்கு."

அவர் போன பிறகு குஞ்சிதம் மிச்சம் இருந்த கோராத் துணியை எடுத்துக் கூடத்தில் விரித்தாள். தனக்கென்று அவள் தைத்ததெல்லாம் ரவிக்கை, அதுவும் கல்யாணமான புதிதில் தைத்த ஓர் அளவு ரவிக்கையை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அதைப் போலவே இன்னொன்று. அகலத்துக்கு ஒரு தையல் விட்டதுண்டு, பருத்தால் பிரித்துக்கொள்ள. நீளத்துக்கு ஒருநாளும் விட்டதில்லை. வளர்ற பிள்ளை என்று பார்த்துப் பார்த்துத் துணி விட்ட கை, அந்த வீட்டில் தானும் ஓர் ஆள் என்பதைக் கவனிக்கவே இல்லை. அவளும் ஞாபகப்படுத்தியதில்லை. தான் எதற்கு வளர வேண்டும் என்றும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

சாக்பீஸை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டாள். அளவு ரவிக்கையையும் எடுக்கவில்லை. கண்ணுக்குத் தோன்றியபடி வெட்டி, பஞ்சு வைத்து, மத்தியானங்களில் சன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். இந்தத் தடவை மனசு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் போகவில்லை. அதற்கும் முந்தி, தாவணி போட்டுக்கொண்டு, ஆற்றங்கரையில் மற்றப் பெண்களோடு ஓடிப்பிடித்து விளையாடி, கிளை தாழ்ந்த நாவல்மரத்தில் செருப்போடு ஏறி நின்று, எட்டினமட்டும் பறித்துத் தின்ற ஒரு குஞ்சிதத்திடம் போனது. இவள் எங்கே போனாள் என்று யோசித்துக்கொண்டே தைத்தாள். அவள் நினைவு வந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டாள். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கூடல் அன்று காலை, ஏரிக்குள் இரண்டு பனந்தூண் நட்ட வாசலின் ஒரு பக்கத்தில், தலைக்குமேல் கொக்குகள் சுற்ற, கலியமூர்த்தி வேலைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் உப்பு மூட்டையோடு குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார். காவிக்கோட்டும் புடவையுமாக வந்த குஞ்சிதத்தை மார்க்கபந்து நிறுத்தி, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். சாம்பலாக உதிர்ந்தது.

"உள்ள போங்கம்மா."

"நா உள்ள போகல சார். இந்தப் பக்கம் நிக்கிறேன்."

மார்க்கபந்து அந்தத் தூணை உச்சிவரை பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

வெயில் ஏறியது. ஆட்கள் போனார்கள், வந்தார்கள், கணவருடைய முழங்காலுக்குக்கூட வராத காவல்காரியைப் பார்த்துக் குழந்தைகள் கையாட்டின. உச்சிப்பொழுது நெருங்குகையில் குஞ்சிதத்துக்கு இடது கையில் என்னவோ குறுகுறுத்தது. பார்த்தாள். கோட்டின் கைக்கு வெளியே மணிக்கட்டு நீண்டிருந்தது. அவள் கைகளில் அடுக்களை வருஷங்கள் போட்ட எண்ணெய்த் தழும்புகள் உண்டு. இந்த இரண்டு விரற்கடையில் ஒரு தழும்பும் இல்லை. நாவல்பழம் பறித்த கை அது.

மேலேயிருந்து நிழல் ஒன்று இறங்கியது. கலியமூர்த்தி வேலைத் தரையில் ஊன்றி, முதுகை வளைத்து, அவளுடைய கையையும் பிறகு அவளுடைய முகத்தையும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"குஞ்சு, உள்ள எவ்வளவு துணி விட்டிருக்க?"

"அளக்கலீங்க," என்றாள் குஞ்சிதம்.